வாயால் சொல்லி, காலால் அடித்து: தைக்கோ கற்ற 15 வாரம்

முதல் நாள் தைக்கோ வகுப்பில், அதாவது ஜப்பானிய முரசு வகுப்பில், எங்களுக்கு முரசடிக்கும் குச்சி தரவில்லை, ஈரத்துணி தந்தார்கள். 18 பேரும் வரிசையாகக் குனிந்து, துணியை இரண்டு கையாலும் தரையில் அழுத்தி, நடன அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஓடி ஓடித் துடைத்தோம். மூன்றாவது முறை திரும்பும்போது தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. துடைத்து முடித்ததும் ஆசிரியை கண்ணாடிச் சுவர் முழுவதையும் கறுப்புத் திரையால் இழுத்து மூடினார். "இந்த வகுப்பு முடிகிறவரை இது மூடித்தான் இருக்கும்" என்றார். நடனம் படிக்க வந்தவர்களுக்குக் கண்ணாடி என்றால் பாதி உயிர். 12 வருடம் பரதநாட்டியம் ஆடிவிட்டு வந்தவள் நான். என் கை எங்கே இருக்கிறது, முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதையெல்லாம் கண்ணாடியில் பார்த்தே பழகியவள். திரை மூடியதும் ஒரு நிமிடம் எங்கே நிற்பது என்றே தெரியவில்லை.

வட கலிஃபோர்னியாவில் ஒரு சிறிய கல்லூரியின் நடனத் துறை அது. தன்னுடைய நடன மரபுக்கு வெளியே ஒரு பாடமாவது எடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. பாடப் பட்டியலில் ஆப்பிரிக்க நடனம், ஃபிளமெங்கோ எல்லாம் இருந்தன. நான் தைக்கோவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்த ஜூலை மாதம் சான் ஹோசேயில் பார்த்த ஓபோன் விழா. முன்னோர்களை நினைத்துக் கொண்டாடும் பௌத்த விழா அது. அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினரின் பழைய குடியிருப்புப் பகுதிகளான ஜப்பான்டவுன்களில் மிஞ்சியிருப்பவை மூன்றுதான்: சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் ஹோசே. சான் ஹோசேயில் தெருவையே அடைத்துவிட்டு, பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும் வரிசையில் நின்று ஆடுகிறார்கள். அங்கே ஒரு பெண் முரசு அடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை தலைக்கு மேலே போய் ஒரு கணம் நின்றது. அடி இன்னும் விழவில்லை, ஆனால் எனக்கு அது கேட்டுவிட்டது. இது தாளம் மட்டுமில்லை, நடனமும்தான் என்று அங்கேயே தோன்றியது. ஆகஸ்டில் செமஸ்டர் தொடங்கியதும் பெயர் கொடுத்தேன்.

முரசு அடிப்பதை ஏன் நடனத் துறையில் சொல்லித்தருகிறார்கள் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நாங்களும் ஆசிரியையிடம் கேட்டோம். ஜப்பானில் முரசு மிகப் பழையது. ஆனால் மேடையில் பத்துப் பேர் சேர்ந்து அடிக்கும் இந்தக் குழு வடிவம் பழையது இல்லை. 1951-இல் நாகானோ மாநிலத்தில் டைஹாச்சி ஓகுச்சி என்ற ஜாஸ் டிரம்மர் தொடங்கியது. கோயிலுக்கான ஒரு பழைய தாளக் குறிப்பு அவர் கைக்கு வந்தது. ஒரே ஆள் அடிப்பது போல அல்லாமல், ஜாஸ் டிரம் செட்டில் இருப்பதுபோலச் சிறிய முரசு, பெரிய முரசு என்று பிரித்து ஆளுக்கு ஒரு பங்கு கொடுத்தார். அப்புறம் டோக்கியோவில் ஓபோன் நடனத்துக்கு அடித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் சுகெரோக்கு என்ற பாணியை வளர்த்தார்கள். முரசைச் சாய்வான தாங்கியில் வைத்தார்கள். அப்படி வைத்ததும் அடிப்பவரின் உடம்பு முழுவதும் பார்ப்பவருக்குத் தெரிந்தது. கை சுழற்றுவது, இடுப்பு திருப்புவது எல்லாம் இசையில் சேர்ந்துகொண்டது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் தைக்கோ நடனத் துறையில் இருப்பதில் வியப்பு ஒன்றும் இல்லை.

முதல் மூன்று வாரம் முரசைத் தொடவில்லை என்றே சொல்லலாம். ஜப்பானிய மொழியில் 'குச்சி' என்றால் வாய். தாளத்தை வாயால் சொல்லிக் கற்பதற்குக் குச்சி ஷோகா என்று பெயர். நடுத்தோலில் ஓங்கி அடித்தால் 'டொன்'. வேகமாக இரண்டு அடி என்றால் 'டொகொ'. விளிம்பில் தட்டினால் 'கா', விளிம்பில் வேகமாக இரண்டு என்றால் 'கரா'. அடி இல்லாத இடத்துக்கும் ஒரு சொல் உண்டு, 'ஸு'. "டொன், டொன், டொகொ டொகொ, டொன், ஸு" என்று அறை முழுக்க ஒரே குரலில் சொல்வோம். மற்ற மாணவர்கள் திணறியபோது எனக்கு இது வீட்டுச் சாப்பாடு மாதிரி இருந்தது. தட்டுக்கழியால் மனையில் தட்டிக்கொண்டே என் குருநாதர் 'தகதிமி' சொன்ன குரலைக் கேட்டு வளர்ந்தவள்தானே. இங்கேயும் சட்டம் அதேதான்: வாயில் வராதது கையில் வராது. முதலில் அவர்கள் குச்சி, அப்புறம்தான் நம் குச்சி.

நடன மாணவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, எதையும் எண்ணிக்கையில் பிடிப்போம். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணிவிட்டுத்தான் உடம்பை அசைப்போம். ஆசிரியை அதை அடியோடு நிறுத்திவிட்டார். எண்ணினால் எல்லா அடியும் ஒரே எடையில் வந்துவிடும் என்பார். டொன் என்று சொல்லும்போது வயிறு உள்ளே போகும், கா என்றால் நாக்கும் உதடும் மட்டும்தான் வேலை செய்யும். அந்த வேறுபாடு தானாகக் கைக்கு இறங்குகிறது. வகுப்புக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். தாளத்தை எழுதிவைத்து மனப்பாடம் செய்யாதீர்கள். பேருந்தில், சமையலறையில், குளிக்கும்போது சத்தமாகச் சொல்லுங்கள். நடந்துகொண்டே சொன்னால் இன்னும் நல்லது, கால் அடித்தளத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, நிலைக்கு வருகிறேன். எனக்குச் சுலபமாக இருக்கும் என்று நான் நினைத்த இடம் அது, மிகக் கஷ்டப்பட்டதும் அங்கேதான். பரதநாட்டியத்தின் அரைமண்டியில் குதிகால்கள் அருகருகே இருக்கும், முட்டிகள் இரு பக்கமும் விரியும், முதுகு நேராக நிற்கும். கால் தரையை அடிக்கும், மேலுடம்பு குலுங்காது. தைக்கோவில் கால்கள் அகன்று நிற்கும், ஒரு கால் சற்று முன்னே மடங்கியிருக்கும், மற்றது பின்னே நீண்டிருக்கும். கால் தரையை அடிப்பதில்லை, தரையைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடியிலிருந்து கிளம்பும் விசை இடுப்பில் ஏறி, தோள் வழியாகக் கைக்கு வந்து, குச்சியின் முனையில் விழுகிறது. நான் நின்றபோது ஆசிரியை பின்னாலிருந்து என் இடுப்பில் இரண்டு விரலை வைத்து லேசாகத் தள்ளினார். நான் சாய்ந்துவிட்டேன். "அழகாக நிற்கிறீர்கள், ஆனால் நிற்கவில்லை" என்றார். பல வாரம் அந்த வாக்கியம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கு எனக்கு உதவியது மியாக்கே பாணி. மியாக்கே டோக்கியோவுக்குத் தெற்கே கடலில் இருக்கும் எரிமலைத் தீவு. அங்கே திருவிழாவில் முரசைப் படுக்கவைத்துத் தாழ்வாக வைத்து அடிப்பார்கள். முரசு முழங்கால் உயரத்தில் இருக்கிறது, அதனால் நீங்களும் கீழே போக வேண்டும், வேறு வழியே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுகிறது. பத்து நிமிடத்தில் தொடை எரியும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் கையால் அடிக்கிறோம் என்ற நினைப்பே போய்விடும். நேராக நிற்கும் முரசில் எனக்குப் பிடிபடாதது தாழ்ந்த முரசில் பிடிபட்டது. உங்களுக்கும் கை மட்டும் வேலை செய்கிறது என்று தோன்றினால் ஆசிரியரிடம் கேட்டு முரசைத் தாழ்த்திப் பாருங்கள்.

ஐந்தாவது வாரம் என் வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டது. தவறு முழுக்க என்னுடையது. சத்தம் பெரிதாக வர வேண்டும் என்று குச்சியை இறுக்கிப் பிடித்து, தோலுக்குள் குத்துவதுபோல அடித்தேன். தைக்கோ குச்சிக்குப் 'பச்சி' என்று பெயர். நடுத்தர முரசுக்கு அது ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் நீளம் இருக்கும், கட்டைவிரல் பருமன். கனமான ஓக் மரத்தில் செய்தது சத்தம் நன்றாகத் தருகிறது என்று அதையே எடுத்துக்கொண்டேன். தொடங்குகிறவர்கள் லேசான மரத்தில் செய்ததை எடுப்பதுதான் நல்லது என்று பிற்பாடு தெரிந்தது. அம்மா வீடியோ அழைப்பில் என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, கை இப்படிக் காய்ச்சுப்போயிருக்கு? டான்ஸ் படிக்கத்தானே போன?" என்றாள். மோதிரவிரல் அடியில் ஒரு கொப்புளம், கட்டைவிரல் உள்பக்கம் ஒன்று. அவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கொப்புளத்துக்கு ஒரு வழி உண்டு. வந்த பிறகு ஒட்டுவதற்குப் பதில், எந்த இடத்தில் வரும் என்று தெரிந்ததும் வகுப்புக்கு முன்பே அங்கே விளையாட்டு வீரர்கள் ஒட்டும் துணி டேப்பை ஒரே ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். தடிமனாகச் சுற்றினால் பிடி மாறி வேறு இடத்தில் கொப்புளம் வரும். நீர்க் கொப்புளத்தைக் குத்தி உடைக்க வேண்டாம். மணிக்கட்டு வலிக்கு மட்டும் டேப் மருந்து இல்லை, நிறுத்துவதுதான் மருந்து. கல்லூரி மருத்துவப் பிரிவில் இரண்டு வாரம் அடிக்கக் கூடாது என்றார்கள். ஆசிரியை வகுப்புக்கு வராமல் இருக்க விடவில்லை. முரசு வரிசையின் ஓரத்தில் நிறுத்தி, "வாயால் சொல்லுங்கள். கையை மட்டும் தூக்கி இறக்குங்கள். குச்சி வேண்டாம்" என்றார்.

அந்த இரண்டு வாரத்தில்தான் நான் தைக்கோ கற்றேன் என்று இன்றும் நினைக்கிறேன். கையில் எதுவும் இல்லை. அடிக்க எதுவும் இல்லை. மிச்சம் இருந்தது கை மேலே போகிற பாதை மட்டும்தான். டொன் முடிந்ததும் முழங்கை முதலில் எழுகிறது, முன்கை அதைத் தொடர்கிறது, மணிக்கட்டு கடைசியாக வருகிறது. மேலே போனதும் ஒரு கணம் கனமே இல்லாமல் மிதக்கிறது. அந்த இடைவெளிக்கு 'மா' என்று பெயர். அது ஓய்வு இல்லை, அடுத்த அடி உருவாகும் இடம். அங்கிருந்து கை விழுகிறது. நாம் தள்ளத் தேவையில்லை, எடை தானாக இறங்குகிறது. நான் அதுவரை அடியைப் பற்றியே நினைத்து, தூக்குவதை அடுத்த அடிக்கான வேலையாக மட்டும் செய்துகொண்டிருந்தேன். தூக்குவதற்கு முழு நேரம் கொடுத்தால் பிடி தானாகத் தளர்கிறது. குச்சிக்கும் உள்ளங்கைக்கும் இடையே ஒரு கோழிமுட்டை உடையாமல் இருக்கும் அளவு இடம் வேண்டும் என்று ஆசிரியை முதல் வாரமே சொல்லியிருந்தார். எனக்குப் புரிந்தது ஏழாவது வாரம்.

மீண்டும் பச்சியை எடுத்தபோது சத்தம் முன்பைவிடப் பெரிதாக வந்தது, வலி வரவில்லை.

வீட்டில் பழகுவதற்கு முரசு கிடையாது, அடுக்குமாடியில் அடிக்கவும் முடியாது. பழைய கார் டயர் ஒன்றைப் பட்டறையில் சும்மா கேட்டு வாங்கி, நடு ஓட்டையின் மேல் அகலமான பேக்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து ஒட்டி, பிளாஸ்டிக் கூடைமேல் வைத்துக்கொண்டேன். குழுக்களில் பலரும் செய்வது இது. டேப்பை இழுத்து ஒட்ட ஒட்ட குச்சி நன்றாகத் துள்ளும். சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகாது. டயர் தோல் இல்லை, அதனால் டொன்னின் அடிநாதம் கிடைக்காது. ஆனால் கை வரும் பாதையைச் சரி செய்ய டயரே போதும்.

காதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நடன அறை சின்னது, சுவர் கெட்டி, கூரை தாழ்வு. பத்து முரசு ஒன்றாக அடித்தால் ஓசை 100 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபல் ஓசையில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான் வருகிறது. எங்கள் வகுப்பு அதைவிடப் பல மடங்கு நீளம். எல்லோரும் முரசடிக்க ஆரம்பித்த புதிதில், காதடைப்பு போட்டால் தாளம் கேட்காது என்று நான் போடவில்லை. இரவு படுக்கும்போது காதுக்குள் ரீங்காரம் நிற்கவே இல்லை. மறுநாளிலிருந்து பஞ்சு மாதிரியான சின்ன அடைப்பான்களைப் போட்டுக்கொண்டேன். தாளம் காதில் மட்டும் கேட்பதில்லை, பாதத்திலும் மார்பிலும் கேட்கிறது. அதுவே போதும்.

எங்கள் கல்லூரியின் முரசுகளில் பெரும்பாலானவை வைன் பீப்பாய்கள். நகாடோ என்கிற பீப்பாய் வடிவ முரசை ஜப்பானில் கேயாக்கி மரத்தின் ஒரே அடிமரத்தைக் குடைந்து செய்கிறார்கள். அதை வாங்க அமெரிக்காவின் ஆரம்பகாலக் குழுக்களிடம் பணம் இல்லை. 1969-இல் லாஸ் ஏஞ்சலஸில் சென்ஷின் பௌத்தக் கோயிலில் தொடங்கிய கின்னாரா தைக்கோ (பெயரில் இருப்பது நம் கின்னரர்கள்தான்) வைன் பீப்பாயில் தோல் கட்டி முரசு செய்யும் வழியைக் கண்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 1968-இல், செய்இச்சி தனாக்கா சான் பிரான்சிஸ்கோவில் முதல் குழுவைத் தொடங்கியிருந்தார். 1973-இல் சான் ஹோசே குழு வந்தது. எங்கள் ஆசிரியை அந்தக் காலத்தில் கல்லூரிப் பெண். அவருடைய பெற்றோர் இரண்டாம் உலகப் போரின்போது முகாமில் அடைக்கப்பட்டவர்கள். 1942 முதல் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முள்வேலிக்குள் வைத்தது. வெளியே வந்தவர்கள் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள், பிள்ளைகளையும் அப்படியே வளர்த்தார்கள் என்று அவர் ஒருநாள் சொன்னார். "எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போட்டதில்லை. நான் முதன்முதலில் போட்ட சத்தம் இதுதான்" என்று முரசைத் தொட்டுக் காட்டினார். அடிக்கும்போது வயிற்றிலிருந்து எழுப்பும் கூவலை, கியாயை, எங்களில் பலர் கூச்சப்பட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை.

பத்தாவது வாரம் ஒரு பீப்பாய்க்குத் தோல் மாற்றினோம். மாட்டுத்தோலை முந்தைய நாளே தண்ணீரில் ஊறவைத்திருந்தார்கள். அறைக்குள் போனதும் வாசனை முகத்தில் அடித்தது. தோலின் ஓரத்தில் துளைகள் போட்டு மரக்கட்டைகளைச் செருகி, கயிறுகளால் கீழே இருந்த பலகையோடு கட்டினோம். பலகைக்கும் பீப்பாய்க்கும் நடுவே நான்கு கார் ஜாக்கிகள். ஜாக்கியைச் சுழற்றச் சுழற்றப் பீப்பாய் மேலே எழுகிறது, கயிறு கீழே இழுக்கிறது, தோல் விறைக்கிறது. அப்புறம் எங்களைச் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறச் சொன்னார். ஈரத்தோலின் மேல் வெறுங்காலோடு நின்று, குதிகாலால் அழுத்தி அழுத்தி நீட்ட வேண்டும். அடியில் அது சூடான ரப்பர் மாதிரி இசைந்து கொடுத்தது. மறுபடி ஜாக்கி, மறுபடி காலால் மிதி. முரசின் குரல் மிதிக்க மிதிக்க ஏறுவது பாதத்துக்கே தெரிந்தது. ஆசிரியை தட்டிப் பார்த்து, போதும் என்றதும் தலை பெருத்த ஆணிகளை இரண்டு வரிசையாக விளிம்பைச் சுற்றி அறைந்தோம். நான் அறைந்ததில் நான்கு ஆணி கோணலாக இருக்கிறது, இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அந்த மத்தியானம் அவர் இன்னொன்றும் சொன்னார். ஜப்பானில் தோல் வேலை செய்தவர்களைப் பல நூற்றாண்டுகள் தாழ்த்தி ஒதுக்கிவைத்தார்கள். புராக்கு மக்கள் என்று அவர்களுக்குப் பெயர். 1871-இல் அரசு அந்தப் பிரிவைச் சட்டப்படி நீக்கியும் ஒதுக்குதல் தொடர்ந்தது. ஊர் கொண்டாடியது முரசை, முரசு செய்தவரை இல்லை. ஒசாக்காவின் நானிவா பகுதி முரசு செய்பவர்களின் இடம். அங்கே 1987-இல் இளைஞர்கள் தாங்களே முரசடிக்க முன்வந்து 'இக்காரி' என்று ஒரு குழு தொடங்கினார்கள். இக்காரி என்றால் கோபம். நான் ஈரத்தோல் ஒட்டிய காலோடு கேட்டுக்கொண்டிருந்தேன். பறை என்ற சொல்லைச் சொல்லாமலே எங்கள் தெருவும் அங்கே வந்துவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கோயில் திருவிழாவுக்கு ஊர்வலத்தின் முன்னால் பறை வரும். அடித்துவந்தவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வகுப்பில் இதைச் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்தது. எந்தத் தாள வாத்தியத்தைக் கற்றாலும் அதைச் செய்தவர் யார், அவரை ஊர் எங்கே வைத்திருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று இப்போது நான் எல்லோரிடமும் சொல்கிறேன். முரசின்மேல் தண்ணீர்க் குப்பியை வைக்கக் கூடாது, பச்சியைத் தாண்டிப் போகக் கூடாது என்ற விதிகள் எனக்கு அன்றிலிருந்து வேறு மாதிரி ஆகிவிட்டன.

கடைசி ஐந்து வாரம் டிசம்பர் நிகழ்ச்சிக்கான ஒத்திகை. எட்டுப் பேர் அடிக்கும் ஆறு நிமிடப் படைப்பு. முரசுகளுக்கு நடுவே இடம் மாறி மாறி அடிக்க வேண்டும். என் முரசில் கடைசி டொன் அடித்துவிட்டுச் சுழன்று, பக்கத்து முரசின் விளிம்பில் 'கா' தட்டியபடி போய்ச் சேர வேண்டும். நடனக்காரர்கள் நாங்கள் சுழற்சியில் மயங்கிவிட்டோம். கையை நீட்டுவதும் தலையைத் திருப்புவதும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. ஒருநாள் ஆசிரியை ஒத்திகையைக் கைப்பேசியில் ஒலியாக மட்டும் பதிவுசெய்து, எங்களைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லிக் கேட்கவைத்தார். ஒரு டொன் என்று நாங்கள் நினைத்தது எட்டுப் பேரின் எட்டுத் துண்டு அடிகளாகச் சிதறிக் கேட்டது. பக்கத்தில் படுத்திருந்த பெண் அழுதுவிட்டாள். அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு ஒத்திகையையும் முதலில் ஒலியாக மட்டும் கேட்டோம், அப்புறம்தான் காணொளி. நடனக் குழுக்களுக்கு இதை முக்கியமாகச் சொல்கிறேன். கண் ரொம்பச் சீக்கிரம் மன்னித்துவிடும், காது மன்னிக்காது.

ஒன்றாக அடிப்பதற்கு வழி பக்கத்தவரைப் பார்ப்பது இல்லை. பார்த்துவிட்டு அடித்தால் தாமதமாகிவிடும். ஷிமே என்ற சின்ன முரசில் ஒருவர் 'ஜி' என்கிற அடித்தாளத்தை விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பார். எல்லோரும் அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். கை தூக்குவதை எல்லோரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தால் விழுவதும் ஒரே நேரத்தில் விழும். என் இரண்டு வாரப் பாடம் இங்கே எட்டுப் பேருக்கும் உதவியது. ஒத்திகையின் முதல் கால் மணி நேரம் குச்சி இல்லாமல் வெறுங்கை தூக்கலாம் என்று நான் கேட்டேன், ஆசிரியை ஒத்துக்கொண்டார்.

படைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு குழு அமைத்த படைப்பை இன்னொரு குழு கேட்காமல் மேடையேற்றுவதில்லை. ஊர்த் திருவிழா மரபுதானே, யாருக்கும் சொந்தமில்லையே என்றும் எடுத்துக்கொள்வதில்லை; மியாக்கே போன்ற பாணிகளுக்கு அவற்றைக் காத்துவரும் மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்கள். யாரிடம் கற்றோம், அவர் யாரிடம் கற்றார் என்று நிகழ்ச்சித் தாளில் எழுதினோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 1990-இல் தொடங்கிய கியோடோ தைக்கோவுக்குப் பிறகு கல்லூரிக் குழுக்கள் பெருகிவிட்டன. மாணவர்கள் வருடாவருடம் மாறிக்கொண்டே இருப்பதால், எழுதிவைக்காவிட்டால் நான்கு வருடத்தில் எல்லாம் மறந்துபோகும்.

மேடைக்கு வேண்டிய சின்னச் சின்ன விஷயங்கள்: நடன மேடையின் வினைல் விரிப்பைத் தாங்கிகளின் கால் கிழித்துவிடும், அடியில் கம்பளத் துண்டு போட வேண்டும். முரசு நிற்கும் இடத்தை டேப்பால் குறிக்க வேண்டும், ஒரு சாண் நகர்ந்தாலும் சுழற்சி தவறும். மேடை விளக்குச் சூட்டில் தோல் காய்ந்து குரல் ஏறும், அதனால் முன்கூட்டியே கொண்டுபோய் வைக்க வேண்டும். தூக்கும்போது ஒரு முரசுக்கு இரண்டு பேர், குனிவது முட்டியில். ஒவ்வொருவரும் இடுப்புப் பட்டையின் பின்னால் ஒரு உபரிப் பச்சியைச் செருகிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை நான் ஏனோதானோ என்று கேட்டுக்கொண்டேன்.

நிகழ்ச்சியன்று நான்காவது நிமிடத்தில், இரண்டாவது சுழற்சியில், என் வலது கையிலிருந்து பச்சி பறந்துவிட்டது. வியர்வை. அது பக்கத் திரைப் பக்கமாக உருண்டு போவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். உபரி இடுப்பில் இருந்தது, ஆனால் எடுக்கும் பழக்கம் கைக்கு இல்லை. ஒத்திகையில் ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்துவிடுங்கள், தாளத்தோடு சேர்த்து இருபது தடவையாவது எடுத்துப் பழகுங்கள். வாய் மட்டும் நிற்கவில்லை. டொன், ஸு, டொன், டொகொ என்று சொல்லிக்கொண்டே இருந்தது. இடது கை அடித்தது, வலது கை வெறுமையாகத் தன் நேரத்துக்கு எழுந்தது, இறங்கியது. நான்கு சுற்றுக்குப் பிறகுதான் பின்னால் கை போய் உபரியை எடுத்தேன்.

காணொளியை அம்மாவுக்கு அனுப்பினேன். அவள் முழுவதையும் பார்த்துவிட்டு இரவு கூப்பிட்டாள். "எல்லாரும் சேர்ந்து அடிக்கிற இடம் நல்லா இருக்குடி. ஆனா நடுவுல ஒரு இடத்துல நீ மட்டும் குச்சி இல்லாம வெறுங்கையைத் தூக்குற பாரு, அது யார் வச்ச அடவு?" என்று கேட்டாள்.

பறந்த பச்சி மூன்று நாள் கழித்துத் திரைக்கு அடியில் கிடைத்தது. முனை கொஞ்சம் சிதைந்திருந்தது. மணல்தாள் போட்டுத் தேய்த்து, இப்போதும் டயரில் அதைத்தான் அடிக்கிறேன்.